டயர் கடைச் சத்தம்

என் தங்கைக்குக் கை சும்மா இருக்காது. சாப்பாட்டுத் தட்டு, பேருந்துக் கம்பி, குளியலறை வாளி, என் முதுகு என்று கைக்கு எது அகப்பட்டாலும் அவளுக்கு அது டிரம்ஸ்தான். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோதும் கைப்பிடியில் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்த மனிதர் "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று பயந்துபோய்க் கருவியை வெளியே எடுத்துவிட்டார். எங்களுக்கெல்லாம் அவள் டமாரம். கல்லூரியிலும் அதே பெயர் எப்படியோ தொற்றிக்கொண்டது.

பகலில் அவள் பிசியோதெரபி படிக்கிறாள். சாயங்காலமானால் ஆறு பேர் கொண்ட ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். விருந்து மண்டபம், கம்பெனி ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசிக்கிற குழு. நான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் டயர் கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்தால் மகாராணி மாதிரி இருப்பாள். பரீட்சை அறைக்குள் நுழைந்தால் மட்டும் நனைந்த கோழி. ஒரே உடம்பில் இந்த இரண்டும் எப்படிக் குடியிருக்கின்றன என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

எல்லா வம்பும் அவள் பாடம் படிக்கிற விதத்தில் இருந்தது. மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள் இருக்கின்றனவாம். ஸ்கேஃபாய்டு, லூனேட் என்று வாயில் நுழையாத பெயர்கள். மற்ற பிள்ளைகள் படம் வரைந்து படித்தார்கள். இவள் எட்டு எலும்பையும் எட்டு அடியாக்கித் தலையணையில் தட்டித் தட்டிப் படித்தாள். தலையிலிருந்து கிளம்புகிற பன்னிரண்டு நரம்பும் அப்படித்தான், நாலு நாலாக மூன்று சுற்று. புத்தகம் முழுவதையும் தாளமாக்கி உடம்புக்குள் இறக்கிக்கொண்டாள். எழுத்துப் பரீட்சையில் ஒரு குறையும் வரவில்லை. உட்கார்ந்து, மனதுக்குள் முதலிலிருந்து ஓடவிட்டு, வேண்டியதை எடுத்து எழுதிவிடலாம். வாய்மொழித் தேர்வில்தான் சனி பிடித்தது.

முதல் தடவை பரீட்சை எடுக்க வந்த அம்மா எடுத்த எடுப்பில் கேட்டது, "கேப்பிடேட் எலும்புக்குப் பக்கத்துல என்ன இருக்கு?" இது எட்டில் ஏழாவது. இவளுக்கு ஏழாவது வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து கிளம்பி வரவேண்டும். கிளம்பினாள். விரல் தன்னாலே மேசையில் தட்ட ஆரம்பித்தது.

"என்னம்மா, உக்காந்து தாளம் போடுறே? பொழுது போகலையா?"

விரல் நின்றது. விரல் நின்றதும் நின்ற இடம் மறந்துபோயிற்று. திரும்ப ஒன்றிலிருந்து. அதற்குள் அடுத்த கேள்வி, அதற்கும் அடுத்த கேள்வி. இவள் மூன்றாவது கேள்விக்கு வாயைத் திறந்து முதல் கேள்விக்கான பதிலைச் சொன்னாள். அந்த அம்மாவுக்கு அது திமிராகத் தெரிந்ததோ என்னவோ, போகச் சொல்லிவிட்டார்கள். ஃபெயில்.

எங்கள் அம்மா ஊரில் இருந்துகொண்டு பள்ளிச் சீருடை தைக்கிறாள். அப்பா போன பிறகு அந்தத் தையல் மெஷின்தான் எங்களைக் கரை சேர்த்தது. விஷயம் தெரிந்ததும் போனில் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"அந்தக் கொட்டுமேளத்த மூட்டை கட்டி வைக்கச் சொல்லு. படிப்பு முடிஞ்சப்புறம் என்னத்த வேணா கொட்டட்டும்."

"சரிம்மா. நிறுத்திட்டா" என்று நான் சொன்னேன். நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கட்டிலில் தலையணையைப் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தாள் மகாராணி.

"அங்க என்னடி சத்தம்?"

"கீழ டயர் கடைம்மா. சுத்தியலால தட்டுறாங்க."

அன்றிலிருந்து அம்மா தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள், டயர் கடையில் தினமும் சுத்தியல் வேலை நடக்கும். எனக்குப் பொய் நன்றாக வரும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது தடவை பரீட்சைக்குப் போகும்போது டமாரம் ஒரு முடிவோடு போனாள். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். கை போனதும் வாயும் போயிற்று. கேள்வி கேட்டவர் நல்ல மனிதராம், தண்ணீர்கூடக் கொடுத்தாராம். தண்ணீரைக் குடித்துவிட்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தாள். "என் பேரைக் கேட்டாங்க அக்கா. அதுக்குக்கூட யோசிச்சேன்" என்று வந்து சொன்னபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. இந்தத் தோல்வியை நாங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

கல்லூரி அலுவலகத்தில் விசாரிக்க நானும் கூடப் போனேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: "இன்னொரு சான்ஸ் இருக்கும்மா. அதுலயும் போச்சுன்னா பேரை எடுத்துருவாங்க. அதோட வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." அடுத்த பஸ் எப்போது என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார். திரும்பிப் பார்த்தால் டமாரம் அந்தச் சன்னல் கம்பியைத் தட்டவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே தன் டிரம்ஸ் குச்சிகள் இரண்டையும் ஒரு பழைய துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

"எங்கயாவது ஒளிச்சு வை அக்கா. நான் கேட்டாலும் குடுக்காதே. அழுதாலும் குடுக்காதே."

"உங்க குழு மாஸ்டர்கிட்ட என்ன சொல்லப்போற?"

"போன் எடுக்கப்போறதில்ல."

அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஒழிந்தது சனி, இனி பிள்ளை படிக்கும் என்று நினைத்தேன். படித்தால் அல்லவா? புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைக் காலையிலிருந்து மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். கை மடியில் செத்துக் கிடக்கும். தட்டாமல் படித்தது ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை, தட்டிப் படித்ததோ தட்டினால்தான் வெளியே வருவேன் என்று உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. சோறு பாதி தட்டிலேயே நிற்கும். குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுவாள். தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று அவளுக்கு நினைப்பு. சாலையைக் கடக்கும்போது ஒருநாள் நட்ட நடுவில் நின்றுவிட்டாள். லாரிக்காரன் பிரேக் போட்டுவிட்டுக் கெட்ட வார்த்தையில் கத்தினான். நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கை சில்லென்று இருந்தது.

"என்னடி ஆச்சு? செத்துகித்துத் தொலைக்கப் போறியா?"

"எந்தக் கால முன்னாடி வைக்கணும்னு ஒரு நிமிஷம் தெரியல அக்கா."

அதற்குப் பிறகு எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கடையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் லென்ஸ் தெரியாது, ரோட்டில் நிற்கிற அவள்தான் தெரிவாள். ஒரு லென்ஸைத் தேய்த்துத் தேய்த்து அப்பளமாக்கி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எங்கள் அறை அப்படி ஓர் அமைதியில் கிடந்து நான் பார்த்ததே இல்லை. கீழே டயர் கடையில் உண்மையாகவே சுத்தியல் தட்டினால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர்களோ எல்லா வேலைக்கும் காற்றில் ஓடுகிற மெஷின் வைத்திருந்தார்கள்.

"டயர் கடைய மூடிட்டாங்களாடி?" என்று அம்மா ஒருநாள் போனில் கேட்டாள்.

"இல்லையே. ஏம்மா?"

"சத்தமே காணோமே."

"வேலை இல்ல போலம்மா."

"சின்னவ சாப்பிட்டாளா?" என்றாள் அம்மா. சாப்பிட்டாள் என்றேன். மறுநாளும் கேட்டாள், "இன்னைக்கும் வேலை இல்லையா அவங்களுக்கு?" எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே ஒருத்தி அரை உயிராகக் கிடக்கிறாள், இந்த அம்மாவுக்கு டயர் கடைக்காரனின் பிழைப்பைப் பற்றிக் கவலை! "எவனும் டயர் மாத்தல போலம்மா, நான் என்ன பண்ண?" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் மாஸ்டர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் என்றால் இசைக்குழுவின் தலைவர், கீபோர்டு வாசிப்பவர், பகலில் திரைச்சீலை விற்பவர். பரீட்சை நடக்கிற அதே நாள் சாயங்காலம் ஒரு கம்பெனி விழாவில் நிகழ்ச்சி. தலைவிதி! வரமுடியாது என்று நேரில் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். கார் கழுவும் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. சுவரெல்லாம் பழைய மெத்தையை ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். உள்ளே மாஸ்டரின் மச்சான் டிரம்ஸில் உட்கார்ந்து சட்டி பானையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வந்தியா தாயே!" என்று மாஸ்டர் எழுந்தே விட்டார். "இவன் வாசிச்சா என் தொழிலே போயிடும். நீ வர வேணாம், பரீட்சைக்குப் போ. ஒரே ஒரு பாட்டு மட்டும் வாசிச்சுக் காட்டிட்டுப் போயிடு. இவன் பாத்துக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். பாவம், அவரே எழுந்து இடம் கொடுத்துவிட்டார். இரவல் குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒத்திகையில் எந்தப் பாட்டையும் முதலிலிருந்து தொடங்கமாட்டார். "முதல்ல இருந்து எல்லாரும்தான் வாசிப்பான்" என்பார். எங்கே உதைக்கிறதோ அங்கேயே போய் இறங்குவார். "ரெண்டாவது சரணம், மூணாவது வரி!" என்று கத்தினார். டமாரம் குச்சி இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி டக், டக், டக், டக் என்று நாலு தட்டினாள். ஐந்தாவதில் ஆறு பேரும் சேர்ந்து போய்ப் பாட்டின் நடு வயிற்றில் விழுந்தார்கள். "நிறுத்து! பல்லவி முடியிற எடம்!" மறுபடி நாலு தட்டு. மறுபடி சரியாக அதே இடம். முதலிலிருந்து ஓடிப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. நாலாவது தட்டுக்கு முன்னால் தலையை மட்டும் இடப்பக்கம் லேசாகச் சாய்த்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன், பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது.

வெளியே வந்து நடக்கும்போது கேட்டே விட்டேன். "ஏண்டி, இங்க நடுவுல எங்க சொன்னாலும் குதிக்கிறே. அங்க மட்டும் ஒண்ணுல இருந்துதான் வருவேன்னு என்ன அடம்?"

"இங்க நாலு தட்டு இருக்கே அக்கா. அந்த நாலுக்குள்ள எடத்தத் தேடிப் புடிச்சுடுவேன். அங்க யாரு..."

அவள் நடைபாதையில் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். பின்னால் வந்தவர் எங்கள் மேல் மோதிக்கொண்டு திட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நான் ஒரு டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். புத்தகத்தைப் பார்த்து, "கேப்பிடேட்டுக்கு அடுத்து?" என்று கேட்டுவிட்டு டங் டங் டங் டங்.

"ஹேமேட்!"

"கேப்பிடேட்டுக்கு முன்னாடி?" டங் டங் டங் டங்.

"டிரபீசாய்டு!"

"ஏழாவது நரம்பு?" டங் டங் டங் டங். தலை சாய்ந்தது. "முக நரம்பு. அது கெட்டா முகம் ஒரு பக்கம் கோணிக்கும்."

எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் அறையில் டம்ளர் கச்சேரிதான், அம்மா போன் பண்ணுகிற நேரம் தவிர. தன் குச்சியை மட்டும் அவள் தொடவில்லை. தொட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று ஒரு பயம், அதை யாராலும் மாற்ற முடியவில்லை. அவள் தேறி வருகிறாள் என்று நினைத்து நான் ஒருநாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா கேட்டேன். பழையபடி ஊமை.

"மனசுக்குள்ள தட்டிக்கோயேன்டி."

"பயந்தா மனசு ஓடுது அக்கா. நாலா தட்ட மாட்டேங்குது, நாப்பதா தட்டுது." கண் நிறைந்துவிட்டது. "அங்க உள்ள யாரு கரண்டி தட்டுவா?"

இந்தக் கேள்வியோடுதான் பரீட்சை நாள் விடிந்தது.

காலையில் அவள் குடித்த காபி வெளியே வந்துவிட்டது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். கிளம்பும்போது அவளுக்குத் தெரியாமல் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து அந்தத் துண்டை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, இன்றைக்குக் கொடுத்துவிடுவது என்று எனக்குள் ஒரு முடிவு. தோற்றுவிட்டு அவள் வெறுங்கையோடு ஊருக்கு வண்டி ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

உடற்கூறியல் துறைத் தாழ்வாரத்தில் மருந்து நெடி மூக்கை அரித்தது. பெஞ்சில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர் யார் என்று விசாரித்தால், பேனா சார் என்றாள் பக்கத்தில் இருந்த பெண். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"அது யாரும்மா?"

"கேள்வி கேட்டுட்டு, நாம பதில் சொல்ற வரைக்கும் பேனா மண்டைய அழுத்திக்கிட்டே இருப்பாருக்கா. டக்கு டக்குன்னு. அந்தச் சத்தத்துலயே எல்லாம் மறந்துடும். போன தடவை ஒருத்தன் மயக்கம் போட்டுட்டான்."

சரியான ஆளிடம்தான் என் தங்கையை விதி கொண்டுவந்து விட்டிருக்கிறது! அவள் காதில் இது விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடி கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்து நெட்டையாக ஒரு பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். அடுத்து இவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் என் கையை ஒருமுறை பிடித்தாள். லாரிக்கு முன்னால் நின்றபோது இருந்த அதே சில்லிப்பு.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி பதித்திருந்தது. துடைத்து எத்தனை காலமானதோ. கண்ணாடியை வைத்தே பிழைக்கிறவள் நான், அதன் வழியாகத்தான் என் தங்கையின் விதியைப் பார்க்கவேண்டியிருந்தது. சத்தம் வெளியே வராது. அவள் முதுகும் கன்னத்தில் பாதியும் தெரிந்தன. எதிரே வழுக்கைத் தலையோடு ஒருவர். மேசையில் ஒரு கை எலும்புக்கூடு. அவர் எதையோ கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். கட்டைவிரல் இறங்கி ஏறியது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

கட்டைவிரல் அவசரமே இல்லாமல் ஒரே சீராக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. என் மனதுக்குள் டக், டக், டக்... திடீரென்று டமாரத்தின் தலை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது.

அந்தச் சாய்வை எனக்குத் தெரியும். அவள் வாய் அசைந்தது. அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு எலும்பைத் தொட்டார். கட்டைவிரல் நாலு முறை. தலை சாய்ந்தது, வாய் அசைந்தது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் நடுங்க வைத்த அந்தப் பேனா என் தங்கைக்குக் கரண்டி தட்டிக்கொண்டிருந்தது! நான் அந்தத் தாழ்வாரத்தில் தனியாகச் சிரித்தேன். உதடு வெடித்த பெண் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

சிரித்த வாயை மூடுவதற்குள் ஒரு கடையாள் தூக்குச் சட்டியும் கிளாஸுமாக என்னைத் தாண்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். டீ. பேனா சார் முகம் மலர்ந்தது. பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகிவிட்டு இரண்டு கையாலும் கிளாஸை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

டமாரம் அசையவில்லை.

அவர் இன்னொரு வாய் உறிஞ்சினார், திரும்பக் கேட்டார். அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. எனக்கு அந்த டீக்கடைக்காரனைக் கொன்றுபோடலாம்போல் இருந்தது. பேனாவை எடுய்யா, டீயை அப்புறம் குடித்தால் செத்தா போய்விடுவாய்? என் கையில் அறைச் சாவி இருந்தது. கண்ணாடியில் நாலே நாலு தட்டு, போதும். கை தானாக உயர்ந்துவிட்டது. "கண்ணாடியத் தொடாதீங்கம்மா, உள்ள பரீட்சை நடக்குது" என்று பியூன் அதட்டினார். கை அந்தரத்தில் நின்றது. தட்டி, யாராவது பார்த்து, காப்பியடித்தாள் என்று அவளைத் துரத்திவிட்டால்? கையை இறக்கிவிட்டேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு கனமான எதையும் இறக்கியதில்லை.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். முன்னால் இருந்த தாளை எடுத்து எதையோ எழுதப்போனார். அப்போதுதான் டமாரம் பேசினாள். அவள் சொன்னது கேள்விக்கான பதில் இல்லை என்பது அவர் நிமிர்ந்து பார்த்த விதத்திலேயே தெரிந்தது. அவர் ஏதோ கேட்டார். இவள் ஏதோ சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளை நன்றாகப் பார்த்தார். போச்சு, துரத்தப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, தொடைக்கு அடியிலிருந்து அவள் வலது கை வெளியே வந்திருந்தது. மெதுவாக மேசைமேல் ஏறியது. நடுவிரல் நாலு முறை தட்டியது. அவர் கேட்பார், அவள் தட்டுவாள், சொல்வாள். கேட்பார், தட்டுவாள், சொல்வாள். டீ ஆறிப்போய்க் கிடந்தது.

வெளியே வந்தவளைப் பிடித்து உலுக்கினேன். "என்னடி சொன்னே அவர்கிட்ட?"

"சார், எனக்கு நாலு தட்டினாத்தான் ஞாபகம் வரும், தட்டிக்கலாமான்னு கேட்டேன்."

"அவரு?"

"எதைத் தட்டணும்னாரு. மேசையத்தான்னேன். சரி, உடையாமத் தட்டுன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா."

"அடிப்பாவி! இத மொதல் தடவையே கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை குழாய்த் தண்ணீர் சத்தம் எதுவும் இல்லாமல் எல்லோர் முன்னிலும் அழுதாள்.

மத்தியானத்துக்கு மேல் கதவில் தாள் ஒட்டினார்கள். தேறியவர்களின் எண் மட்டும். கூட்டத்தில் முண்டியடித்து நான் மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். எண்கள் எல்லாம் கண்ணில் நீந்தின. "மேல இருந்து வராதே அக்கா" என்று பின்னாலிருந்து ஒரு கை நீண்டு தாளின் நடுவில் பட்டென்று ஒரு விரலை வைத்தது. அவள் எண்தான். விரலை எடுக்கச் சொல்லி மூன்று முறை பார்த்தேன், பிறகும் நம்பிக்கை வராமல் பியூனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

மற்றபடி ஒன்றும் மாறிவிடவில்லை. அடுத்த வருடப் பாடங்களின் பெயரைக் கேட்டாலே இப்போதும் அவளுக்குப் பயம் வருகிறது, எனக்கும்தான். இனி ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு புது ஆளிடமும் தட்டிக்கொள்ளலாமா என்று அவள் வாயைத் திறந்து கேட்கவேண்டும். எல்லோரும் தட்டு என்பார்கள் என்று யார் கண்டது?

பையிலிருந்த துண்டை அந்தத் தாழ்வாரத்திலேயே கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அங்கிருந்து நேராக விழா மண்டபத்துக்கு ஓடினோம். மாஸ்டர் கும்பிட்டார், மச்சான் அதைவிட நன்றாகக் கும்பிட்டார். நாற்காலிகள் இன்னும் காலியாகக் கிடந்தன. அவள் டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிச் சரிபார்க்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அம்மா.

"என்னடி பண்றீங்க?" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். பின்னால் டிரம்ஸ் முழங்கியது. நான் வெளியே ஓடவும் இல்லை, போனைப் பொத்தவும் இல்லை.

"அம்மா, அது வந்து..."

"டயர் கடை திறந்துட்டாங்களா?"

குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஏண்டி, எந்த ஊர்லடி டயர் கடைக்காரன் நாலு நாலா எண்ணித் தட்டுறான்? அவ வயித்துல இருந்தப்பவே என்னை உள்ள இருந்து தட்டினவடி. எனக்குத் தெரியாதா?"

"அம்மா, உனக்குக் கோவம் வரும்னு..."

"வந்துச்சுதான். தட்டிக்கிட்டுக் கெடக்குறா, பிள்ளை நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன். திடீர்னு ஒருநாள் நின்னுபோச்சு பாரு..." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அன்னையில இருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கலடி. மெஷின்ல உக்காந்தா கையை ஊசிக்குள்ள விட்டுடுவேனோன்னு பயம். கேக்கவும் பயம். நீ உண்மையச் சொல்லிட்டீன்னா என்ன பண்றதுன்னு டயர் கடையவே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பரீட்சை, மூன்றாவது சான்ஸ், பேனா சார் என்று எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். "அப்புறம் சொல்லுடி" என்றாள் அம்மா. "போனை அவகிட்டக் கொண்டு போ. பேச வேணாம். சும்மா பக்கத்துல வை."

நான் மேடையில் ஏறி, பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் போனை வைத்தேன். திரையில் அம்மாவின் பெயரைப் பார்த்ததும் டமாரத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. "தட்டுடி" என்றேன்.

அவள் குச்சி இரண்டையும் மேலே தூக்கி, நாலு தட்டினாள்.